பேரணிக்கு மட்டும்தானா மாணவர்கள்?

2024-ஆம் ஆண்டு மே 17. குற்றாலத்தில் சாரல் காலம் தொடங்க இன்னும் இரண்டு வாரங்கள் இருந்தன. கோடை மழையால் அருவிகளில் முன்கூட்டியே தண்ணீர் விழத் தொடங்கியிருந்ததால், விடுமுறையில் இருந்த குடும்பங்கள் பழைய குற்றாலத்தில் கூடியிருந்தன. மலையின் மேற்பகுதியில் பெய்த கனமழையின் வெள்ளம் திடீரென அருவியில் பாய்ந்தது. உயிர் தப்புவதற்காகப் படிகளில் ஓடியவர்களின் காணொலியைத் தமிழகமே பார்த்தது. அன்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தவர் 17 வயதுச் சிறுவர்.

அதன் பிறகு நடந்தவை நாம் எதிர்பார்த்தவைதான். அருவிகளில் குளிக்கத் தடை விதிக்கப்பட்டது. அதிகாரிகள் நேரில் ஆய்வு செய்தனர். பழைய குற்றால அருவியின் பராமரிப்பு ஆயிரப்பேரி ஊராட்சியிடம் தொடர வேண்டுமா, வனத் துறையிடம் செல்ல வேண்டுமா என்கிற விவாதம் எழுந்தது. அருவிக்கு அதிகமாக வருபவர்களும், ஆபத்தில் அதிகமாகச் சிக்குபவர்களும் இளைஞர்களே. ஆனால், பாதுகாப்பு ஏற்பாடுகள் எப்படி இருக்க வேண்டும் என்று அந்த வயதினரிடமும் கேட்க வேண்டும் என்கிற எண்ணம் அந்த விவாதத்தில் பெரிதாக எழவில்லை.

அருவிக்கரையில் வளர்ந்தவர்களுக்குச் சில செய்திகள் சொல்லாமலே தெரியும். தண்ணீரின் நிறம் கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் மாறுவது ஆகியவை வெள்ளம் வருவதன் முன்னறிகுறிகள். எந்தப் பாறை வழுக்கும், எந்த இடத்தில் கூட்டம் நெருக்கும், எந்த எச்சரிக்கைப் பலகையை எவரும் படிப்பதில்லை என்பதை அங்கே அன்றாடம் நடமாடும் பள்ளி மாணவரும் அறிவார். வெளியூரிலிருந்து மாறுதலில் வரும் அதிகாரிக்கு இந்த அறிவு கிடைக்கப் பல பருவங்கள் ஆகும். அதற்குள் அவருக்கு அடுத்த மாறுதல் வந்துவிடும்.

நம் ஊர்களில் மாணவர்களுக்குப் பொது வேலையே இல்லை என்று கூறிவிட முடியாது. நெகிழி ஒழிப்பு என்றால் மஞ்சள் பையோடு பேரணி. சாலைப் பாதுகாப்பு வாரம் என்றால் பதாகையோடு மனிதச் சங்கிலி. வாக்காளர் தினம் என்றால் உறுதிமொழி. ஆற்றைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்றால் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள். இவற்றில் பயன் இல்லாமல் இல்லை. ஆனால், எல்லாவற்றிலும் முடிவு முன்பே எடுக்கப்பட்டிருக்கிறது. அதற்குக் கூட்டம் சேர்ப்பதும் உடல் உழைப்பைத் தருவதும் மட்டுமே மாணவர்களின் பங்காக இருக்கிறது. குப்பைத் தொட்டியை எங்கே வைப்பது என்று கேட்கப்படாத மாணவர், குப்பையைப் பொறுக்க மட்டும் அழைக்கப்படுகிறார்.

சிறார் பங்கேற்பை ஆராய்ந்த ரோஜர் ஹார்ட், 1992-இல் யுனிசெஃப் வெளியிட்ட தமது நூலில் இதற்கு எட்டுப் படிகள் கொண்ட ஏணி ஒன்றை உருவகமாக்கினார். அதன் கீழ் மூன்று படிகளை அவர் பங்கேற்பாகவே ஏற்கவில்லை. பெரியவர்கள் தங்கள் நோக்கத்துக்குச் சிறாரைப் பயன்படுத்துவது முதல் படி. அலங்காரத்துக்கு நிறுத்துவது இரண்டாம் படி. பெயரளவுக்குப் பேச விடுவது மூன்றாம் படி. செய்தி தரப்பட்டு, கருத்துக் கேட்கப்பட்டு, அக்கருத்து என்ன ஆயிற்று என்பதும் தெரிவிக்கப்படும்போதுதான் பங்கேற்பு தொடங்குகிறது. நம் பேரணிகளில் பெரும்பாலானவை இந்த ஏணியில் எந்தப் படியில் நிற்கின்றன என்பதை விளக்க வேண்டியதில்லை.

தென்காசிக்கு ஏன் இது அவசரம்?

திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு, 2019 நவம்பர் 22-இல் தமிழகத்தின் 33-ஆவது மாவட்டமாகத் தென்காசி செயல்படத் தொடங்கியது. அதுவரை வட்டத் தலைநகராக இருந்த ஊர், மாவட்டத் தலைநகரானது. 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 70 ஆயிரம் பேர் வாழ்ந்த நகரம் அது. அரசு அலுவலகங்களும் அவற்றை நாடி வருவோரும் வாகனங்களும் பெருகும்போது, வயல்கள் மனைகளாகும், குளங்களின் நீர்வரத்துக் கால்வாய்கள் சுருங்கும், நடைபாதைகள் கடைகளாகும். ஒரு நகரத்தின் வடிவம் இத்தகைய மாற்றக் காலத்தில்தான் தீர்மானிக்கப்படுகிறது. இன்று போடப்படும் சாலையும் மூடப்படும் கால்வாயும் ஐம்பது ஆண்டுகளுக்கு நிற்கும். மாவட்டம் பிறந்த ஆண்டில் பிறந்த குழந்தைகள் இப்போது தொடக்கப் பள்ளியில் இருக்கிறார்கள். இன்று எடுக்கும் முடிவுகளோடு மிக நீண்ட காலம் வாழப் போகிறவர்கள் அவர்களே.

குற்றாலத்தின் சிக்கல் வேறு வகையானது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தச் சிறிய பேரூராட்சி, தன் குடிமக்களைப் போலப் பல மடங்கு எண்ணிக்கையிலான பயணிகளைத் தாங்க வேண்டியிருக்கிறது. ஐயப்ப பக்தர்கள் வரும் கார்த்திகை, மார்கழியில் மீண்டும் கூட்டம் பெருகுகிறது. அருவிகளில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் பயன்படுத்தச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. தடை ஆணை நீரின் தூய்மைக்கு ஓர் அரண்தான். ஆனால், ஒவ்வொரு நாளும் அதைக் கண்காணிக்கும் கண்கள் உள்ளூரில் இருந்தால்தான் அந்த அரண் நிலைக்கும்.

இந்த வட்டாரத்தின் மற்றொரு இடர், நிர்வாக எல்லைகளின் சிதறல். பேரருவி குற்றாலம் பேரூராட்சியில் இருக்கிறது. பழைய குற்றாலம் ஆயிரப்பேரி ஊராட்சியில் இருக்கிறது. அருவிக்கு மேலே உள்ள காடு வனத் துறையிடம் இருக்கிறது. குற்றாலநாதர் கோயில் இந்து சமய அறநிலையத் துறையின்கீழ் வருகிறது. குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் இடையே மேலகரம் பேரூராட்சி. அதைத் தாண்டினால் தென்காசி நகராட்சி. சாலைக்கு நெடுஞ்சாலைத் துறை. ஆற்றுக்கு நீர்வளத் துறை. பேரருவியில் விழும் சிற்றாறு இந்த எல்லைகள் எதையும் அறியாமல் ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரவருணியில் கலக்கிறது. மேலே எறியப்பட்ட நெகிழிப் புட்டி கீழே வரும்போது, அது எந்த அலுவலகத்தின் பொறுப்பு என்கிற கேள்விக்கு எளிதில் விடை கிடைப்பதில்லை.

மேலகரத்தில் வசித்து, குற்றாலத்தில் உள்ள ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரியில் படித்து, மாலையில் தட்டச்சு வகுப்புக்குத் தென்காசி செல்லும் ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். ஒரே நாளில் மூன்று உள்ளாட்சிகளின் சாலைகளையும் விளக்குகளையும் கழிவுநீர்க் கால்வாய்களையும் அவர் கடக்கிறார். எந்தப் பேருந்து நிறுத்தத்தில் நிழல் இல்லை, எந்தத் தெருவில் ஆறு மணிக்குப் பிறகு வெளிச்சம் இல்லை, எங்கே பெண்களுக்கான கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது என்பன போன்ற கேள்விகளுக்கு அவரிடம் நேரடி விடை இருக்கும். துறை வாரியாகப் பிரிந்து கிடக்கும் நிர்வாகத்தில், ஊரை ஒரே ஊராகப் பார்க்கும் வாய்ப்பு அத்தகையவருக்கே அமைகிறது.

சட்டம் திறந்த கதவும் மூடிய கதவும்

1992-இல் நிறைவேறி 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சாசனத் திருத்தம், நகராட்சிகளுக்கு அரசியல் சாசனத் தகுதி அளித்தது. சட்டப்பேரவைத் தேர்தலில் போட்டியிட 25 வயது தேவை எனினும், நகர்ப்புற உள்ளாட்சியில் 21 வயது நிரம்பியவரே போட்டியிடலாம் என்று அதன் 243-வி பிரிவு வழிசெய்தது. உள்ளாட்சி என்பது இளைஞர்களின் முதல் அரசியல் பள்ளி என்கிற எண்ணம் அதில் இருந்தது.

தமிழகத்தில் நீண்ட இடைவெளிக்குப் பின், 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது. அதே ஆண்டில் வார்டு குழுக்கள், பகுதி சபைகளுக்கான விதிகள் வெளியிடப்பட்டு, உள்ளாட்சி நாளான நவம்பர் 1-இல் பகுதி சபைகள் முதன்முறையாகக் கூடின. கிராமங்களில் ஆண்டுக்கு நான்கு முறை நடந்துவந்த கிராம சபைக் கூட்டம் ஆறாக உயர்த்தப்பட்டது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை அந்நாள்கள். ஆக, மக்கள் கூடிப் பேசுவதற்கான அமைப்புகள் ஏட்டளவிலேனும் உருவாகிவிட்டன.

ஆனால், இவ்வமைப்புகள் வாக்காளரை மையமாகக் கொண்டவை. 18 வயது நிரம்பாதவருக்கு அவற்றில் இடமில்லை. 18 முதல் 25 வயதுக்குள் இருப்பவருக்கு இடம் இருந்தும், அவர் அங்கே வருவது அரிது. படிப்புக்கும் வேலைக்கும் சென்னை, கோவை, கேரளம், வளைகுடா நாடுகள் எனச் செல்வோர் மிகுந்த மாவட்டம் இது. ஊரில் தமக்கு ஒரு குரல் உண்டு என்று 15 வயதில் உணராதவர், 25 வயதில் அதைத் தேடி வர மாட்டார்.

1989-இல் ஐ.நா. பொதுச் சபை ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா 1992-இல் இணைந்தது. அதன் 12-ஆவது பிரிவு, தம்மைப் பாதிக்கும் செய்திகளில் கருத்துக் கூறும் உரிமை குழந்தைகளுக்கு உண்டு என்றும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்துக்கு மதிப்பளிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. தெருவும் ஆறும் பேருந்து நிறுத்தமும் குழந்தைகளைப் பாதிக்காத செய்திகள் என்று எவரும் வாதிட முடியாது.

பிறர் செய்து பார்த்தவை

இம்முயற்சிக்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. நகர வடிவமைப்பு அறிஞர் கெவின் லிஞ்ச், 1970-களில் யுனெஸ்கோவின் ஆதரவுடன் பல நாடுகளில் வளரிளம் பருவத்தினரிடம் அவர்களது சுற்றுப்புறம் பற்றிக் கேட்டறிந்தார். பொருள் வசதியில் மேம்பட்டிருந்த மெல்போர்ன் புறநகரின் சிறார்கள், செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சலிப்புற்றிருந்தனர். அர்ஜென்டினாவின் சால்டா நகரில் எளிய குடியிருப்பு ஒன்றில் வாழ்ந்த சிறார்களோ, மரங்களையும் சதுக்கத்தையும் அக்கம்பக்கத்தாரின் உறவையும் சுட்டிக்காட்டித் தம் இடத்தைக் குறித்துப் பெருமிதம் கொண்டனர். வாழத் தகுந்த ஊர் எது என்பதற்குப் பெரியவர்களின் அளவுகோல் மட்டும் போதாது என்பதை அந்த ஆய்வு உணர்த்தியது.

1991-இல் இத்தாலியின் ஃபானோ என்னும் கடலோர நகரில், உளவியலாளர் பிரான்செஸ்கோ தோனுச்சியின் முனைப்பால் 'குழந்தைகளின் நகரம்' என்கிற திட்டம் தொடங்கியது. நகர நிர்வாகம் குழந்தைகள் மன்றம் ஒன்றை அமைத்து, அதன் கருத்துகளைக் கேட்டது. குழந்தைகள் தனியே நடந்து பள்ளிக்குச் செல்ல முடிகிறதா என்பதே ஒரு நகரத்தின் தரத்துக்கு உரைகல் என்பது தோனுச்சியின் வாதம். குழந்தைக்குப் பாதுகாப்பான தெரு, முதியவருக்கும் மாற்றுத் திறனாளிக்கும் பாதுகாப்பானதாகவே இருக்கும். இத்தாலியின் பிற நகரங்களுக்கும் ஸ்பெயின், லத்தீன் அமெரிக்க நாடுகளுக்கும் அத்திட்டம் பரவியது.

அமெரிக்காவின் பாஸ்டன் மாநகரம் 2014-இல் ஒரு படி மேலே சென்றது. தன் மூலதன நிதியில் பத்து லட்சம் டாலரை ஒதுக்கி, அதை எப்படிச் செலவிடுவது என்பதை 12 முதல் 25 வயது வரை உள்ளவர்களின் வாக்கெடுப்புக்கு விட்டது. பூங்கா விளையாட்டிடச் சீரமைப்பு, பள்ளிகளுக்கு மடிக்கணினி, ஓவியம் வரைவதற்கான பொதுச் சுவர்கள் போன்றவற்றை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். கையில் பணமும் பொறுப்பும் தரப்பட்டபோது, அவர்கள் கேளிக்கைக்கு வாக்களித்துவிடவில்லை.

நம் அண்டை மாநிலங்களிலும் முன்னுதாரணங்கள் உள்ளன. கர்நாடகத்தின் குந்தாபுரா வட்டத்தில் உழைக்கும் சிறார்களுக்கான அமைப்பு ஒன்றின் துணையுடன், ஊராட்சி அளவில் சிறார் மன்றங்கள் 1990-களில் உருவாயின. மழைக்காலத்தில் ஓடைகளைக் கடக்கும் ஆபத்தான மரப்பாலங்கள் எங்கெங்கே உள்ளன என்பதைச் சிறார்களே கணக்கெடுத்து ஊராட்சியின் முன் வைத்தனர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழையை அறிந்த தென்காசி மாவட்ட மக்களுக்கு அந்தப் பாலங்களின் அருமை புரியும். 2006-இல் கர்நாடக அரசு, ஊராட்சிகள் ஆண்டுதோறும் சிறார் கிராம சபைக் கூட்டங்களை நடத்த ஆணையிட்டது. செங்கோட்டைக் கணவாயைக் கடந்தால் வரும் கேரளத்தில், குடும்பஸ்ரீ இயக்கத்தின் பால சபைகள் அக்கம்பக்கச் சிறாரை ஒன்று கூட்டி உள்ளூர்ச் செய்திகளைப் பேசவைக்கின்றன.

தோல்வியின் பாடமும் நமக்கு உண்டு. லிஞ்சின் ஆய்வு 1990-களில் மீண்டும் தொடங்கப்பட்டபோது, பெங்களூரின் குடிசைப் பகுதி ஒன்றும் அதில் இடம்பெற்றது. சிறார்கள் தெளிவான கோரிக்கைகளை வகுத்தனர். படிப்பதற்கு ஓர் இடம் அவற்றுள் ஒன்று. ஆனால், பங்கேற்பைப் பாராட்டிப் பேசிய பெரியவர்களின் அமைப்புகள், அதைச் செயலாக்குவதில் அதே ஆர்வத்தைக் காட்டவில்லை என்று அத்திட்டத்தில் ஈடுபட்டவர்களே பின்னர் எழுதினர். கேட்டுவிட்டுக் கிடப்பில் போடுவது, கேட்காமலே இருப்பதைவிடத் தீங்கானது. பேசினாலும் ஒன்றும் நடக்காது என்கிற அவநம்பிக்கையை அது இளம் வயதிலேயே விதைத்துவிடும்.

எழக்கூடிய மறுப்புகள்

மாணவர்களுக்குப் படிப்பே பெரும் சுமை. இது எதற்கு என்று பெற்றோர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். பொதுத் தேர்வு எழுதும் வகுப்புகளை விட்டுவிட்டு, எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களையும் கல்லூரி மாணவர்களையும் ஈடுபடுத்தலாம். ஆண்டுக்குச் சில நாள்கள் போதும். ஊரின் வரைபடம் வரைவதும், வாகனங்களை எண்ணுவதும், தண்ணீரின் தரத்தைச் சோதிப்பதும், மனு எழுதுவதும் புவியியல், கணிதம், வேதியியல், தமிழ்ப் பாடங்களின் நேரடிப் பயிற்சிகளே.

அவர்களுக்கு என்ன தெரியும் என்பது அடுத்த மறுப்பு. பொறியியல் தெரியாதுதான். பாலத்தின் தூண் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்று அவர்களிடம் எவரும் கேட்கப் போவதில்லை. பாலம் எங்கே வேண்டும், அதை யார் எந்நேரத்தில் பயன்படுத்துவார்கள், இப்போது எப்படிக் கடக்கிறார்கள் என்பதைச் சொல்ல அனுபவம் போதும். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்களில் பெரியவர்களிடம் நாம் கேட்பதும் அதையே.

கட்சி அரசியல் பள்ளிக்குள் நுழைந்துவிடும் என்கிற அச்சம் மூன்றாவது. கூட்டங்களைப் பள்ளி, கல்லூரிகளின் பொறுப்பில் நடத்தி, நிகழ்ச்சி நிரலை ஊரின் வசதிகளோடு நிறுத்திக்கொண்டால் இதைத் தவிர்க்கலாம். அரசுப் பள்ளிகளில் 2024 நவம்பரில் 'மகிழ் முற்றம்' என்கிற பெயரில் மாணவர் குழுக்கள் அமைக்கப்பட்டு, தலைவர்களும் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக்களும் இயங்குகின்றன. புதிய அமைப்பு எதையும் உருவாக்காமல், இருப்பவற்றைக் கொண்டே தொடங்க முடியும்.

எப்படித் தொடங்கலாம்?

தென்காசி, மேலகரம், குற்றாலம், ஆயிரப்பேரி ஆகிய நான்கு உள்ளாட்சிகளுக்கும் பொதுவாக ஓர் இளையோர் மன்றத்தை மாவட்ட நிர்வாகம் அமைக்கலாம். எல்லைச் சிதறலுக்கு அதுவே ஒரு மருந்தாகும். மன்றத்தின் உறுப்பினர்களை 13 முதல் 25 வயது வரையிலானவர்களிலிருந்து குலுக்கல் முறையில் தேர்ந்தெடுப்பது நல்லது. தேர்வை ஆசிரியர்களிடம் விட்டால், நன்றாகப் பேசும் மாணவர்களும் முதல் மதிப்பெண் பெறுபவர்களும் மட்டுமே வந்து சேர்வர். பட்டறையில் வேலை பார்ப்பவர், வீட்டில் பீடி சுற்றும் பெண், சாரல் காலக் கடையில் நிற்கும் இளைஞர், சக்கர நாற்காலியில் வரும் மாணவர் ஆகியோருக்கும் இடம் உறுதிசெய்யப்பட வேண்டும். சரிபாதிப் பெண்கள் இருப்பது கட்டாயம்.

கூட்டங்களை நாள்காட்டியோடு பொருத்த வேண்டும். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 கிராம சபை, சாரல் காலத்துக்கு இரண்டு மாதங்கள் முன்னதாக வருகிறது. ஆகவே, மன்றத்தின் முதல் கூட்டத்தைப் பிப்ரவரியில் நடத்தலாம். அதற்கு முன் ஆசிரியர், வனக் காவலர், தீயணைப்பு வீரர் ஆகியோர் துணையுடன் அருவிக்கரைகளையும் சிற்றாற்றின் கரையையும் நடந்து பார்த்து, எச்சரிக்கை ஒலி எங்கே கேட்கவில்லை, வெளியேறும் பாதை எங்கே குறுகுகிறது, குப்பை எங்கே தேங்குகிறது என்று குறித்துக்கொள்ளலாம். அப்பட்டியலை மார்ச் 22 கிராம சபையிலும் நகராட்சி, பேரூராட்சி மன்றங்களிலும் வைக்கலாம். 2024 டிசம்பரில் பேரருவியில் பாய்ந்த பெருவெள்ளம், ஆபத்து சாரல் காலத்தோடு முடிவதில்லை என்று காட்டியது. எனவே, வடகிழக்குப் பருவமழையை ஒட்டி அக்டோபரில் இரண்டாவது கூட்டம் நடத்தி, நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் அதன் தீர்மானங்களை முன்வைக்கலாம்.

இவை அனைத்தையும்விட முதன்மையானது பதில் சொல்லும் கடமை. மன்றம் தரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் உரிய அலுவலகம் முப்பது நாள்களுக்குள் எழுத்து மூலம் பதிலளிக்க வேண்டும். செய்வோம் என்றால் எப்போது. இயலாது என்றால் ஏன். தம் துறை சார்ந்தது அல்ல என்றால் எந்தத் துறை சார்ந்தது. இந்த மூன்றில் ஒரு விடை போதும். "நிதி இல்லை" என்கிற நேர்மையான பதில்கூட ஓர் இளைஞருக்கு அரசின் இயக்கத்தைக் கற்றுத்தரும். மௌனம் எதையும் கற்றுத்தராது.

சிறு தொகை ஒன்றையும் அவர்கள் பொறுப்பில் விட வேண்டும். ஒவ்வொரு உள்ளாட்சியும் தன் வரவு-செலவுத் திட்டத்தில் சில லட்சம் ரூபாயை ஒதுக்கினால், இரண்டு நிழற்குடைகள், ஒரு விளையாட்டிடம், சில தெருவிளக்குகள், பெண்கள் கழிப்பறைச் சீரமைப்பு என ஏதேனும் ஒன்றை ஓராண்டுக்குள் கண்முன் காட்டிவிடலாம். தாம் கேட்டு வந்த விளக்கு எரிவதைக் கண்ட மாணவி, அதன் பிறகு பகுதி சபைக்கு வர எவருடைய வற்புறுத்தலும் தேவைப்படாது.

எச்சரிக்கை ஒன்றும் தேவை. அருவிக்கரைப் பாதுகாப்புக்கும் துப்புரவுக்கும் ஆள் பற்றாக்குறையை ஈடுகட்ட இம்மன்றம் பயன்பட்டுவிடக் கூடாது. உயிர்காப்பாளரை நியமிப்பதும் தூய்மைப் பணியாளருக்கு உரிய ஊதியம் தருவதும் அரசின் கடமைகள். அவை நிறைவேறுகின்றனவா என்று கேட்பது மன்றத்தின் வேலை.

தென்காசி காசி விசுவநாதர் கோயிலை 15-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன் அங்கே பொறித்துவைத்த கல்வெட்டுப் பாடல் ஒன்று இவ்வட்டாரத்தில் புகழ்பெற்றது. இக்கோயிலுக்கு எதிர்காலத்தில் ஏதேனும் குறை நேர்ந்தால், அதைச் சரிசெய்பவர் யாராயினும் அவர் பாதத்தில் பணிகிறேன் என்பது அதன் பொருள். தான் கட்டியது தன்னோடு முடிவதில்லை, முகம் அறியாத ஒரு தலைமுறையின் கையில்தான் அது நிலைக்கும் என்பதை ஒரு மன்னன் உணர்ந்திருந்தான். பின்னாளில் சிதைந்த ராஜகோபுரம் மீண்டும் கட்டப்பட்டு 1990-இல் குடமுழுக்குக் கண்டபோது, அந்த வேண்டுகோள் நிறைவேறியது.

நமக்கு அடுத்த தலைமுறை முகம் அறியாதது அன்று. தென்காசியின் வகுப்பறைகளிலும் குற்றாலத்தின் கடைவீதியிலும் அது நம் கண்முன் நிற்கிறது. அடுத்த சாரல் காலத்துக்கான ஆலோசனைக் கூட்டத்தை மாவட்ட நிர்வாகம் கூட்டும்போது, துறை அதிகாரிகளுக்கும் வணிகர் சங்கப் பிரதிநிதிகளுக்கும் இடையே பத்து இளைஞர்களுக்கு நாற்காலி போட வேண்டும். அவர்கள் சொல்வதை நிகழ்ச்சிக் குறிப்பில் பதிவுசெய்து, அதற்குப் பதிலும் தர வேண்டும்.